பழைய விளையாட்டுப் பெட்டிக்குப் புதிய அடாப்டர்

பழம்பொருளைப் பேணுதல் இக்காலத்து இளைஞரிடையே ஒரு வழக்கமாகப் பரவி வருகின்றது. தந்தையர் தம் இளமையில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் பெட்டிகளை இன்று மைந்தர் தேடி வாங்குகின்றனர். ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பெரும்பொருள் கொடுத்து வரவழைப்போரும் உளர். இவ்விருப்பத்தைச் சிறுபிள்ளைத்தனமென்று இகழ்வார் கூட்டத்தில் யாம் இல்லை. ஆயின், நாற்பதாண்டு பிழைத்திருந்த பெட்டியொன்று நம் வீடு வந்து சேர்ந்த அன்று மாலையே புகைந்து மாயுமாயின், பல வேளைகளில் அதற்குக் காரணம் அதன் முதுமையன்று. அதனோடு நாம் சேர்த்த அடாப்டரே. அத்தகைய அடாப்டரைத் தேர்ந்தெடுக்கும் வகை பற்றி எம் அபிப்பிராயத்தை ஈண்டு வெளியிடுகின்றோம்.

அடாப்டரின் முனை பெட்டியின் துளையில் இறுகப் பொருந்திற்றென்றால் அதுவே அதற்குரியது என்று எண்ணுவது மனித இயல்பு. பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள உறவை நாம் இதன்மீதும் ஏற்றிவிடுகின்றோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒரே நிறுவனத்தின் பெட்டிகளைக் கொண்டே காட்டலாம். நின்டென்டோ நிறுவனத்தார் 1983 இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்னும் பெட்டியை வெளியிட்டனர். அதற்குரிய அடாப்டர் 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம் தருவது. அப்பெட்டியையே வேறு கூட்டில் அமைத்து 1985 இல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்னும் பெயரால் விற்கத் தொடங்கினர். இதற்குரிய அடாப்டரோ 9 வோல்ட், 1.3 ஆம்பியர் மாறுமின்சாரம் தருவது. ஒன்றின் முனை மற்றொன்றின் துளையில் தடையின்றி நுழையும். அமெரிக்கப் பெட்டியினுள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் உண்டு. ஜப்பானியப் பெட்டியில் அஃது இல்லை. ஆகவே ஜப்பானிய அடாப்டரை அமெரிக்கப் பெட்டியிற் செருகினால் அது குறைவின்றி இயங்கும். அமெரிக்க அடாப்டரை ஜப்பானியப் பெட்டியிற் செருகினாலோ, திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் உள்ளே நேராகப் புகுந்து, கெப்பாசிட்டர்கள் வெடிக்கவும் சில்லுகள் கெடவும் இடமாகின்றது. 1990 இல் வந்த சூப்பர் ஃபேமிகாமும் ஃபேமிகாமின் அடாப்டரையே ஏற்பதாதலின், அதற்கும் இவ்வபாயம் உண்டு.

முனையின் நடுவில் எது, வெளியில் எது என்பது அடுத்த வினா. ஃபேமிகாமின் அடாப்டர் நடுவே எதிர்முனையும் வெளியே நேர்முனையும் உடையது. இக்காலத்து வீட்டுச் சாதனங்களுடன் வரும் அடாப்டர்களோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் நடுவே நேர்முனை. இவ்விஷயத்தில் செகா நிறுவனத்தார் செய்தது இன்னும் விசித்திரம். 1988 இல் வெளியிட்ட மெகா டிரைவ் பெட்டிக்கு நடுவில் எதிர்முனை வைத்தவர்கள், 1993 இல் அதே பெயருடன் வந்த இரண்டாம் வடிவத்திற்கு நடுவில் நேர்முனை வைத்தார்கள். நல்லவேளையாக முனையின் பருமனையும் மாற்றினார்கள். எனினும் முனைகளைக் கழற்றி மாற்றும் வசதியுள்ள அடாப்டர்கள் அந்தப் பாதுகாப்பையும் அழித்துவிடுகின்றன.

‘ஒரு பழைய பெட்டி கெட்டால் கெடட்டுமே’ என்று சிலர் கூறலாம். நின்டென்டோ நிறுவனத்தார் ஃபேமிகாமைச் செய்வதை 2003 இல் நிறுத்தினர். உதிரி உறுப்புகள் கிடையாமையால் 2007 இல் பழுது பார்ப்பதையும் கைவிட்டனர். அதனுள் இருக்கும் சில்லுகள் அப்பெட்டிக்கென்றே செய்யப்பட்டவை. ஒன்று எரிந்தால் மற்றொரு பெட்டியைச் சிதைத்தே அவ்வுறுப்பைப் பெறவேண்டும். இவ்வாறு ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு பெட்டிகள் உலகிலிருந்து குறைகின்றன.

நிற்க. வோல்ட்டு, ஆம்பியர் ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் மிகப் பலர். ‘850 மில்லி ஆம்பியர் வேண்டும் பெட்டிக்கு 2 ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்தால் வெடித்துவிடாதோ’ என்று அஞ்சி, குறைந்த திறனுள்ளதைத் தேடி வாங்குகின்றனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி வோல்ட்டுக்குப் பொருந்தும், ஆம்பியருக்குப் பொருந்தாது. அடாப்டரில் எழுதியுள்ள ஆம்பியர் அது தரக்கூடிய உச்ச அளவேயன்றி, அது வலிந்து திணிக்கும் அளவன்று. பெட்டி தனக்கு வேண்டியதையே இழுத்துக்கொள்ளும். ஆகவே ஆம்பியர் மிகலாம், குறைதல் கூடாது. குறைந்தால் அடாப்டர் சூடேறி உருகுதலும் உண்டு.

வோல்ட்டின் கதை வேறு. ஃபேமிகாமின் சில்லுகளுக்கு வேண்டுவது 5 வோல்ட். உள்ளே 7805 என்னும் ரெகுலேட்டர் வரும் மின்சாரத்தை 5 வோல்ட்டுக்குத் தணிக்கின்றது. தணித்தல் என்றால் மிகுதியை வெப்பமாக்கி வெளியே விடுதல். பெட்டி அரை ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 12 வோல்ட் கொடுக்கும்போது மூன்றரை வாட் வெப்பம் அச்சிறு உறுப்பில் எழும். 9 வோல்ட் கொடுத்தால் இரண்டு வாட்டே எழும். ‘12 வோல்ட்டிலும் ஓடுகிறதே’ என்பார் கூற்று மெய்தான், ஓடிக்கொண்டே வேகின்றது. மறுபுறம், 7805 ஒழுங்காக வேலை செய்ய அதற்கு ஏறக்குறைய 7 வோல்ட்டாவது வேண்டும். எனவே ஒழுங்குபடுத்தப்பட்ட 9 வோல்ட் நேர்மின்சாரமே எம் கருத்தில் தக்கது. என்.இ.எஸ். பெட்டிக்கும் இதுவே போதும். அதன் ரெக்டிஃபையரில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் கழிந்தாலும் எஞ்சுவது ஏழரை. முனை எத்திசையினதாயினும் தீங்கில்லை. நம் நாட்டுக் கடைகளில் 9 வோல்ட் மாறுமின்சார அடாப்டரைத் தேடி அலைவோர் அவ்வலைச்சலை விட்டுவிடலாம்.

‘பெட்டியோடு பிறந்த அடாப்டரே உத்தமம்’ என்பது சேகரிப்போர் சிலரின் உறுதியான கொள்கை. இதனை நாம் முழுதும் ஒப்புவதற்கில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நம் நாட்டில் 230 வோல்ட். அந்நாட்டுப் பழைய அடாப்டரின் உள்ளிருப்பது டிரான்ஸ்பார்மர். இக்காலத்துக் கைப்பேசி சார்ஜரைப் போல எல்லா நாட்டு மின்சாரத்தையும் ஏற்கும் ஆற்றல் அதற்கு இல்லை. நம் சுவரில் அதனைச் செருகினால் கம்பிச்சுருள் கருகிவிடும். மின்சாரத்தைக் குறைத்துத் தரும் வேறொரு பெரிய டிரான்ஸ்பார்மரை இடையில் வைத்தே அதனைப் பயன்படுத்த முடியும். அவ்வாறு வைத்தோர், மல்டிமீட்டரால் அளக்கும்போது பளுவின்றி இருக்கும் அடாப்டர் எழுதியதினும் மிகுந்த வோல்ட்டைக் காட்டக் கண்டு திடுக்கிட வேண்டாம். ஒழுங்குபடுத்தப்படாத அடாப்டர்களின் இயல்பு அது.

பிறவித் துணையே பகையான கதையும் ஒன்று உண்டு. 1982 இல் வெளிவந்த கமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறி, கணக்கைவிட விளையாட்டுக்கே பேர் பெற்றது. அதன் அடாப்டர் 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் சேர்த்துத் தருவது. 5 வோல்ட்டைச் சீராக்கும் உறுப்பு கணிப்பொறியில் இல்லை. அடாப்டருள்ளே பிசினில் புதையுண்டு கிடக்கின்றது. காலம் சென்றபின் அது பழுதுபட்டு, அளவுக்கு மிஞ்சிய வோல்ட்டை நினைவுச் சில்லுகள்மீது நேரே செலுத்திக் கொன்றுவிடும். பிசினில் புதைந்ததைப் பழுதுபார்ப்பது எளிதன்று. இத்தகைய அடாப்டரைக் கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்க்கலாம். சுவரில் மட்டும் செருகலாகாது. இதற்கெனப் புதிதாகச் செய்து விற்கப்படும் அடாப்டரே தகும்.

இனி, ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று கூவி விற்கப்படும் பல்முனை அடாப்டர்களைப் பற்றி ஒரு சொல். 3 முதல் 12 வோல்ட் வரை ஒரு சிறு விசையால் மாற்றலாம். முனையைத் திருப்பிச் செருகினால் திசையும் மாறும். சோதனைச்சாலை மேசையில் இவை பயனுடையவை. சிறுவர் கை படும் வீட்டில் இவற்றுக்கு இடமில்லை என்பதே எம் துணிபு. தெருவோரத்து மலிவுச் சரக்கில் மற்றொரு பயமும் உண்டு. சுவரின் 230 வோல்ட்டையும் நம் கையிலுள்ள கம்பியையும் பிரித்து நிறுத்தும் காப்பு அதனுள் சரிவர அமையாவிடில், இழப்பது பெட்டியை மட்டுமன்று. நம் நாட்டில் விற்கப்படும் அடாப்டரில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ஆர் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உளவா என்று நோக்கி வாங்குக. ஃபேமிகாம் உடையார்க்கு ஒரு குறிப்பு: இசைக்கருவிக் கடைகளில் கிட்டாரின் மிதிபெட்டிகளுக்கென விற்கும் 9 வோல்ட் அடாப்டர்கள் வழக்கமாக நடுவில் எதிர்முனை உடையவை. ஆம்பியர் போதுமானதாயின், நல்ல நிறுவனத்தின் அத்தகைய அடாப்டர் இப்பெட்டிக்கு ஏற்றதே.

1990களில் நம் நாட்டில் பரவிய ஃபேமிகாம் நகல் பெட்டிகள் இன்றும் பல வீட்டுப் பரண்களில் உறங்குகின்றன. இவை ஒருவர் செய்தவை அல்லவாதலின், முனையின் திசை பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். அடியில் ஒட்டிய சீட்டு இருந்தால் அதனையே நம்புக. உதிர்ந்துபோயிருந்தால், மின்சாரம் இணைக்காத நிலையில் பெட்டியைத் திறந்து, ரெகுலேட்டரின் மூன்று கால்களுள் நடுக்கால் துளையின் எப்பகுதியோடு தொடர்புற்றிருக்கிறதென்று மல்டிமீட்டரால் சோதிக்க. அது 7805 வகையினதாயின், நடுக்காலோடு இணைந்த பகுதியே எதிர்முனை. எதனோடும் நேர்த்தொடர்பு இல்லையேல், இடையில் ரெக்டிஃபையர் இருத்தல் கூடும். அதனை அறிந்தாரிடம் காட்டுவது நலம்.

வாங்கிய அடாப்டரையும் முதன்முறை செருகுமுன் அளத்தல் வேண்டும். சிவப்புக் கம்பியை முனையின் நடுவிலும் கருப்புக் கம்பியை வெளிப்புறத்திலும் வைத்தால், எண்ணுக்கு முன் கழித்தற்குறி தோன்றின் நடுவே எதிர்முனை. அளந்தபின் ஒரு சிறு அட்டையில் பெட்டியின் பெயரையும் வோல்ட்டையும் எழுதி, அடாப்டரின் கம்பியிலேயே கட்டிவிடுக. மாறுமின்சார அடாப்டர் ஏதேனும் வீட்டில் இருப்பின் அதனை மற்றவற்றோடு ஒரே இழுப்பறையில் போடாது, வேறிடத்தில் வைக்க.