கடன் சாலைக்கு மக்கள் கணக்கு

‘வளர்ச்சி உதவி’ என்ற பெயரில் வருவது பெரும்பாலும் கடனே. கேரள மாநிலப் போக்குவரத்துத் திட்டத்தின் முதல் கட்டத்திற்கு 2002-இல் உலக வங்கி 25.5 கோடி டாலர் கடன் வழங்கியது. பாலக்காடு–ஷொர்ணூர், மூவாற்றுப்புழை–தொடுபுழை சாலைகள் அதில் அடங்கும். 2013-இல் இரண்டாம் கட்டத்திற்கு 21.6 கோடி டாலர் கடன் ஒப்புதலாயிற்று. 2018 பெருவெள்ளத்திற்குப் பின், மறுகட்டமைப்புக்காக உலக வங்கியும் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியும் கடன் கொடுத்தன.

இக்கடனைத் திருப்பிச் செலுத்துவோர் உழைக்கும் மக்களே. பன்னிரண்டாவது நிதி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், வெளிநாட்டுக் கடன் அதே நிபந்தனைகளுடன் மாநிலங்களின் தலையில் சுமத்தப்படுகிறது. இரண்டாம் கட்டக் கடன் ஒப்புதலானபோது டாலர் மதிப்பு சுமார் 54 ரூபாய். இன்று 80 ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்த இழப்பு மாநிலக் கருவூலத்தையே சேர்கிறது. வாங்கிய கடனில் ஒரு ரூபாய் களவு போனாலும் அது மக்களின் பணமே.

களவு நடப்பது எங்கே? தாருக்கு அடியில் கொட்டப்படும் சரளையிலும் மணலிலும், காகிதத்தில் மட்டுமே இருக்கும் கூலி நாட்களிலும். இந்தோனேசியாவில் உலக வங்கிக் கடனில் கிராமச் சாலைகள் போடப்பட்டபோது, 608 கிராமங்களில் ஆய்வாளர்கள் சாலையைத் தோண்டிப் பார்த்து அளந்தனர். அரசுத் தணிக்கை உறுதி என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கிராமங்களில், கணக்கில் காணாமற்போகும் தொகை சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மக்களைக் கூட்டத்திற்கு அழைத்தது மட்டும் கூலித் திருட்டைக் குறைத்தது. பொருள் திருட்டை அது தடுக்கவில்லை. அளவுகோல் ஏந்திய தணிக்கையாளரும் வேண்டும், கேள்வி கேட்கும் கிராம சபையும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

சாலை அகலும்போது முதலில் பெயர்க்கப்படுவோர் ஏழைகள். இடுக்கியின் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். சாலையோரப் பெட்டிக்கடைக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாதோருக்கும் மறுவாழ்வு உண்டு என்பது உலக வங்கியின் சொந்த விதி. ஆயினும் மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தில் அவ்விதி மீறப்பட்டது. பாதிக்கப்பட்டோர் ஆய்வுக்குழுவிடம் முறையிட்ட பின்னரே, 2006 மார்ச்சில் சாலைப் பணிக்கான நிதி நிறுத்தி வைக்கப்பட்டது. விதி தானாக நடைமுறைக்கு வருவதில்லை. போராடியே அதை நடைமுறைப்படுத்த வேண்டியுள்ளது.

முறையிடுவதற்கும் மொழி வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களில் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்துள்ளது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் ஒப்பந்த விவரம் வெளியானால், மண் வெட்டும் தொழிலாளிக்கு அது மூடிய புத்தகமே.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு 70 உயிர்களைப் பறித்தது. பெரியவரை தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதால் மீட்புப் பணி தடைப்பட்டது. மலையில் உறுதியான பாலமும் சாலையும் உயிரைக் காக்கும் ஏற்பாடுகள். அவற்றின் தரத்தில் சமரசம் கூடாது.

1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிய மாநிலம் கேரளம். ஊரகச் சிறு பணிகளுக்குக் கிடைத்த அந்த மக்கள் கண்காணிப்பு, பெரும் கடன் சாலைகளுக்கும் விரிய வேண்டும். ஒப்பந்தத் தொகை, அடுக்குகளின் தடிமன், பணி முடியும் நாள், பழுதுபார்க்கும் பொறுப்புக் காலம் ஆகியவை எல்லைப் பகுதிகளில் தமிழிலும் பலகையில் எழுதப்பட வேண்டும். சுயேச்சையான பொறியாளர் குழு சாலையைத் தோண்டி அளந்து, அறிக்கையைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். பட்டா இல்லாதோரின் பட்டியல் பணி தொடங்குமுன் வெளியிடப்பட வேண்டும். கூலிப் பட்டியலைத் தொழிற்சங்கங்கள் சரிபார்க்க வழி செய்ய வேண்டும்.

வங்கியின் ஆலோசகர் அறிக்கை எழுதிவிட்டு விமானம் ஏறிவிடுவார். சாலையில் நடப்பவரும் கடனைச் சுமப்பவரும் மக்களே. கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.