எது மஞ்சள்?

அரிமளத்திலிருந்து ஓர் அன்பர் கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். போலந்து நாட்டில், ஆணை நேசிக்கும் ஆண்களின் உரிமைக்காக 1987-ல் வார்ஸாவில் இயக்கம் தொடங்கி, பிற்பாடு அவர்களுக்கென்றே 'அந்த மாதிரி'ப் பத்திரிகைகளும் போட்ட ஸ்வாவோமிர் ஸ்டாரோஸ்டாவைப் பற்றி நான் எழுதியதுதான் குற்றம். "குடும்பத்தார் படிக்கிற பத்திரிகையில் மஞ்சள் சமாசாரமா? இதெல்லாம் நம் நாட்டில் உண்டா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு ஐயா. பம்பாயில் அசோக் ராவ் கவி என்றொரு பத்திரிகையாளர். 1947-ல் பிறந்தவர், சில காலம் ராமகிருஷ்ண மடத்திலும் இருந்தவர். 1986-ல் 'ஸாவ்வி' என்ற ஆங்கில மாதர் பத்திரிகையில் (நம்முடைய 'சாவி' அல்ல) தம் பெயரைச் சொல்லியே தம் இயல்பையும் சொன்னார். இந்த உறவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று 1860-ம் வருஷத்துச் சட்டத்தின் 377-வது பிரிவு மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன பிரிவு. போலந்தில் அப்படிப்பட்ட சட்டத்தை 1932-லேயே எடுத்துவிட்டார்கள்; நமக்கு 2018 வரை பிடித்தது. எது மேல்நாட்டுச் சரக்கு என்பதை அன்பரே யோசிக்கட்டும்.

1990-ல் ராவ் கவி 'பம்பாய் தோஸ்த்' பத்திரிகையை ஆரம்பித்தார். வாசகர் கடிதங்கள், எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கை, தனியாகத் தவிக்கிறவனுக்கு நாலு வார்த்தை ஆறுதல் — இவை அதில் வந்தன. ஸ்டாரோஸ்டா விற்ற படங்களை நான் வாங்கப் போவதில்லை. அது என் ருசி. ஆனால், அவரும் சரி இவரும் சரி, அச்சில் ஏற்றியது சொந்தக் கதையை.

மஞ்சள் என்றால் என்ன என்று தமிழனுக்கா சொல்லித்தர வேண்டும்? 'சினிமா தூது', 'இந்துநேசன்' நடத்திய லக்ஷ்மிகாந்தனை மறந்துவிட்டோமா? அடுத்தவன் படுக்கையறையை எட்டிப் பார்த்து எழுதினார். அதை வாங்கிப் படித்தவர்கள் யார்? குடும்பஸ்தர்கள்தாம், மடித்து மடியில் வைத்துக்கொண்டு படித்தார்கள். 1944-ல் அவர் குத்துப்பட்டு இறந்தார். பாகவதரும் கலைவாணரும் சிறைக்குப் போய் 1947-ல்தான் வெளியே வந்தார்கள். அந்த ருசி இன்னும் போகவில்லை. எந்த நடிகை யாரோடு போனாள் என்று எழுதினால் எனக்குக் கண்டனக் கடிதம் வருவதில்லை!

2001-ல் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்த நாலு பேரைப் போலீஸார் பிடித்துப்போனார்கள். கைப்பற்றிய பிரசுரங்கள் ஆபாசமாம். 47 நாள் சிறை. உயிரைக் காக்க எழுதியது ஆபாசம். மானத்தை வாங்க எழுதுவது பொழுதுபோக்கு!

2021-ல் மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்குப் புரிய வேண்டுமென்று மனோதத்துவ நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். நீதிபதிக்கு அதில் கௌரவக் குறைவு தெரியவில்லை. நமக்குத்தான் ஒரு கட்டுரை படிக்கக் கூசுகிறது.

சந்தாவை நிறுத்திவிடுவேன் என்கிறார் அன்பர். தாராளமாக நிறுத்தட்டும். அந்த இதழை மட்டும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம், திண்ணையிலேயே கிடக்கட்டும். யாரும் இல்லாத நேரம் பார்த்து எடுத்துப் படிக்க அரிமளத்திலேயே ஒரு பையன் இருக்கக்கூடும்.