மீந்த பணம் மிச்சமா, முடியாத வேலையா?

வீட்டுக் கணக்கில் மாதக் கடைசியில் பணம் மீந்தால் அது சேமிப்பு. பொதுப்பணத்தில் அப்படி உடனே சொல்லிவிட முடியாது. ஒதுக்கிய பணம் செலவாகவில்லை என்றால் சில வேளைகளில் அது சிக்கனம். பல வேளைகளில் தொடங்க வேண்டிய பயிற்சி தொடங்கவில்லை, போட வேண்டிய சாலை போடப்படவில்லை என்று பொருள்.

பல நாடுகள் சேர்ந்து போட்ட பணம் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிப் படித்தபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ஒன்றியத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் பற்றாக்குறை இருக்கக்கூடாது என்பது அதன் ஒப்பந்த விதி. ஆண்டு முடிவில் உபரி இருந்தால் அது அடுத்த ஆண்டின் வரவில் சேர்க்கப்படும். உறுப்பு நாடுகள் கட்ட வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறையும். ஆகவே, அதிகம் கட்டும் நாட்டுக்குச் செலவாகாத பணம் நல்ல செய்தி. அந்த நிதியை நம்பியிருக்கும் நாட்டுக்கோ அது இழப்பு.

2014ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். 2014 முதல் 2020 வரையிலான ஏழாண்டு நிதித் திட்டம் அந்த ஜனவரியில் தொடங்கியது. ஆனால் அதற்கான முக்கியச் சட்டங்கள் 2013 டிசம்பரில்தான் நிறைவேறின. வட்டார மேம்பாடு, வேலைப் பயிற்சி, கிராமப்புற வளர்ச்சி தொடர்பான பல திட்டங்களுக்கு ஆண்டு முடிவதற்குள் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 21 பில்லியன் யூரோ ஒதுக்கீடு பயன்படாமல் நின்றது. அது கையிருப்பு ரொக்கம் அன்று; திட்டங்களுக்கு உறுதி கொடுப்பதற்கான அனுமதி. அதே காலத்தில் ஸ்பெயினிலும் கிரீசிலும் வேலை தேடிய இளையர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

2015 ஏப்ரலில் ஏழாண்டுத் திட்டம் திருத்தப்பட்டது. பயன்படாத ஒதுக்கீட்டில் பெரும்பகுதி 2015க்கும் மீதி அடுத்த ஆண்டுகளுக்கும் மாற்றப்பட்டது. அதற்கேற்ப 2015இன் வரவுசெலவுத் திட்டமும் திருத்தப்பட்டது. ஏழாண்டுக்கான மொத்த உச்சவரம்பு கூட்டப்படவில்லை. ஆண்டுகள் மட்டுமே மாறின.

அது சரியான முடிவு என்பது என் கருத்து. தாமதம் நேர்ந்தது சட்டம் இயற்றியவர்களின் மேசையில். அதற்கான விலையைப் பயிற்சிக்காகக் காத்திருந்தவர்கள் கொடுப்பது நியாயமன்று.

"இப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் யார்தான் நேரத்தோடு வேலையை முடிப்பார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கெடு இல்லாத பணம் தூங்கிவிடும். ஆனால் கெடு மட்டுமே இருந்தாலும் ஆபத்துதான். கணக்கு முடிக்கும் வாரத்தில், பணம் திரும்பிப் போய்விடக்கூடாது என்பதற்காகவே மாணவர் மன்றங்கள் தேவைக்கு மேல் டி-சட்டைகளும் பதாகைகளும் வாங்குவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அரசாங்க அளவில் அதே அவசரம் வந்தால் வீணாவது மக்களின் வரிப்பணம்.

ஐரோப்பிய ஒன்றியம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை வைத்திருந்தது. அந்த ஏழாண்டுத் திட்டத்தில், வட்டார மேம்பாட்டு நிதிக்கு மூன்றாண்டு கெடு இருந்தது. உறுதி செய்யப்பட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் செலவுக் கணக்கைக் காட்டிப் பணம் கோராவிட்டால், அந்தத் தொகை பொதுவாக நாட்டின் கையைவிட்டுப் போய்விடும்.

பொதுப்பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பேன். ஏன் செலவாகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மாற்றத்தைத் திரைமறைவில் செய்யாமல், மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதலோடு திருத்தமாகக் கொண்டுவர வேண்டும். புதிய கெடு ஒன்றை விதிக்க வேண்டும்.

வரவுசெலவுத் திட்டச் செய்திகளில் நாம் பொதுவாக எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதை மட்டுமே பார்க்கிறோம். ஆண்டு முடிவில் எவ்வளவு மீந்தது, எந்த வேலை நின்றது என்பதையும் தேடிப் படிப்போம். அந்த எண்ணுக்குப் பின்னால் நம் வயதுடைய ஒருவர் காத்துக்கொண்டிருக்கலாம்.