பைக்கை விட்டு இறங்கிய என்ஜின்

டெல்லி மாயாபுரியோ சென்னை புதுப்பேட்டையோ, பழைய வாகன உதிரிபாகக் கடைத்தெருவில் பொறியியல் மாணவர்கள் நாலைந்து பேர் கூட்டமாக அலைந்தால், அவர்கள் தேடுவது கார்ட் பந்தயத்துக்கான மோட்டார்சைக்கிள் என்ஜினாக இருக்கக்கூடும். பையில் இருப்பது தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த பணம். கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை குதிரைசக்தி?" பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

கைக்குக் கிடைத்த என்ஜினை வைத்து ஓட்டுவது கார்ட்டின் பிறவிக் குணம். 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் உருவாக்கிய முதல் கார்ட்டில் இருந்தது, புல்வெட்டும் இயந்திரத்துக்கான சின்னஞ்சிறு டூ ஸ்ட்ரோக் என்ஜின். கோவையின் கரிவர்தன் மாருதி 800 என்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரைச் செய்ததும் இதே வழியில்தான். கார்ட்டுக்கென்றே தயாராகும் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் போன்ற என்ஜின்கள் இறக்குமதிச் சரக்கு. அந்த விலை கட்டுப்படியாகாதவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு, பைக் என்ஜின்.

ஆனால் பைக் என்ஜின் தனியாக வேலை செய்யப் பிறந்ததல்ல. பெரிய சக்கரம், முகத்தில் அடிக்கும் காற்று, தலைக்கு மேல் பெட்ரோல் டாங்க், திருப்பத்தில் சாயும் வண்டி - இந்த நான்கையும் நம்பித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கார்ட்டில் ஏற்றியதும் நான்கும் காணாமல் போய்விடுகின்றன. என்ஜினைப் பொருத்துவது என்பது இந்த இழப்புகளுக்கு ஈடு கட்டும் வேலை.

முதலில் சக்கரம். 18 அங்குல ரிம் கொண்ட பைக்கின் பின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் நகரும். 11 அங்குல விட்டமுள்ள கார்ட் டயர் நகர்வது 0.9 மீட்டருக்கும் குறைவு. பைக்கில் முன் பல்சக்கரத்துக்கு 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். அதே ஜோடியை கார்ட்டில் மாட்டினால், 100 கி.மீ. வேகத்தில் ஓடிய என்ஜின் 47 கி.மீ.யிலேயே முக்க ஆரம்பித்துவிடும். பின் சக்கரத்தை 28 பல்லாகக் குறைத்தால் 70 கி.மீ. கிடைக்கும், 21 பல் என்றால் 93. எது சரி என்பதை ஓடுதளம்தான் சொல்லும். வளைவு நிறைந்த குறுகிய தளத்தில் 93 கி.மீ.யை எட்டவே இடம் இருக்காது. அங்கே 28 பல்காரர் ஒவ்வொரு வளைவிலிருந்தும் சீறிக்கொண்டு வெளியேறுவார். இரண்டு குதிரைசக்தி கூடுதலாக வாங்கச் செலவிடும் பணத்தில் மூன்று நான்கு பல்சக்கரங்கள் வாங்கி வைத்துக்கொள்வது லாபம்.

அடுத்தது சாய்வு. அதிகம் பேர் கவனிக்காததும் என்ஜினைக் கொல்வதும் இதுதான். பைக் சாய்ந்து திரும்புவதால் என்ஜினுக்குள் இருக்கும் எண்ணெய் அடித்தளத்திலேயே கிடக்கும். கார்ட் சாயாது. பக்கவாட்டு விசை புவியீர்ப்பு விசைக்குச் சமமாகும்போது எண்ணெயின் மட்டம் 45 டிகிரி சரிந்து ஒரு பக்கமாக ஒதுங்கும். பந்தய டயர் போட்ட கார்ட் இந்த விசையைச் சாதாரணமாகத் தாண்டும். நீண்ட வளைவில் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினின் எண்ணெய் பம்ப் வெறும் காற்றை உறிஞ்சுகிறது. சில சுற்றுகளில் பேரிங் போய்விடுகிறது. எண்ணெய் ஓடிவிடாதபடி சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைப்பதுதான் மருந்து.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு இந்த நோய் இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் போதும். அந்த வகையில் 98 சிசி, 11 குதிரைசக்தி கொண்ட யமஹா ஆர்எக்ஸ் 100 கார்ட்டுக்கு ஏற்ற இதயம். ஆனால் அதன் உற்பத்தி 1996இல் நின்றுவிட்டது. எஞ்சியிருப்பவற்றுக்குப் பழைய பைக் பிரியர்களின் போட்டி வேறு. எனவே பலருக்கும் வாய்ப்பது 125 அல்லது 150 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்தான். அதிலும் ஒரு எச்சரிக்கை: 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு வெளியான பைக்குகளில் பெரும்பாலானவை கார்பரேட்டர் இல்லாதவை. அவற்றின் என்ஜினை மட்டும் வாங்கினால் ஓடாது. எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள், பெட்ரோல் பம்ப், ஒயரிங் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். முதல் முயற்சிக்குப் பழைய கார்பரேட்டர் என்ஜினே உத்தமம்.

அதற்கும் பெட்ரோல் தானாக இறங்காது. கார்ட்டில் டாங்க் ஓட்டுநரின் கால்களுக்கு இடையே, தரையை ஒட்டி இருக்கிறது. என்ஜினின் உறிஞ்சு விசையால் இயங்கும் சிறிய பம்ப் தேவை. காற்றும் அப்படியே: ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும் என்ஜின் மீது காற்று விழத் தகட்டால் வழி அமைக்க வேண்டும். ஜெட்டைப் பருவத்துக்கேற்ப மாற்ற வேண்டும். டெல்லியின் மே மாத வெயிலில் சரியாக ஓடிய ஜெட்டை ஜனவரிக் குளிரில் விட்டுவைத்தால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் பற்றாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சேதி தெரியும்: காபிப் பழுப்பு நலம்; வெளுப்பு ஆபத்து; கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

கடைசியாக, என்ஜினை எங்கே, எப்படி மாட்டுவது? கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, டிஃபரென்ஷியலும் கிடையாது. திருப்பத்தில் சட்டம் முறுக்கிக்கொடுத்து உள்பக்கப் பின்சக்கரத்தைச் சற்றே தூக்கினால்தான் வண்டி திரும்பும். பலமாக இருக்கட்டும் என்று நாலு பக்கமும் இரும்புக் கோணம் வைத்து வெல்டு செய்தால் சட்டம் விறைத்து, கார்ட் நேராகவே போகப் பார்க்கும். இடது கால் பிரேக்குக்குப் போய்விட்டதால், கியர் மாற்ற ஸ்டீயரிங் அருகே ஒரு கை நெம்புகோலும் வேண்டும். ஓடும் செயினுக்கு மூடி இல்லாமல் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.

ஆகவே கடைத்தெருவில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. போட்டி விதி எத்தனை சிசியை அனுமதிக்கிறது? தளத்தின் நீளமான நேர்ப்பாதை எவ்வளவு? இந்த என்ஜினுக்கு உதிரிபாகம் நாளைக்கும் கிடைக்குமா? என்ஜின் எண் சுரண்டப்படாமல் இருக்கிறதா, கடைக்காரர் பில் தருவாரா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் அடுத்த கடைக்கு நடப்பது நல்லது. திருட்டு பைக்கின் என்ஜினாக இருந்தால், வசூலித்த பணத்தோடு மாணவர்களின் பெயரும் சேர்ந்து போகும்.