என் பாஸ்புக்கை யார் புரட்டினார்கள்?

உங்களுக்கு பேங்கில் வேலை பார்க்கும் சிநேகிதி யாராவது இருக்கிறார்களா? இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டாம். ஃபாரத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று முழிக்க வேண்டாம். எனக்கும் ஒருத்தி இருக்கிறாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவள் வேலை பார்க்கும் கிளையில்தான் எங்கள் வீட்டுக் கணக்கு முழுவதும் இருந்தது.

போன வருஷம் ஊரில் இருந்த ஒரு மனையை விற்றோம். வந்த பணத்தை அதே கிளையில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டோம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு மாசம் கழித்து ஒரு வளைகாப்பு. சிநேகிதியின் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, பெரிய தொகையா டெபாசிட் போட்டிருக்கீங்களாமே! பொண்ணு கல்யாணத்துக்கு இனிமே என்ன கவலை?"

வாயில் போட்ட புளியோதரை தொண்டையில் இறங்கவில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த நொடியே மனசு பதில் சொல்லிவிட்டது. வேறு யார்? அவள்தான்!

சந்தேகம் வந்தால் உடம்பு என்ன ஆகும்?

அன்று ராத்திரி தூக்கம் போனது. மறுநாளும் அப்படியே. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பது மாதிரி ஒரு காட்சி கண்முன் ஓடும். மூன்று வாரத்தில் நெஞ்செரிச்சல், தலைவலி, எதற்கெடுத்தாலும் பிள்ளைகள் மேல் எரிச்சல். டாக்டர் பார்த்தபோது பி.பி. 150-க்கு 96. "வீட்ல ஏதாவது பிரச்னையாம்மா?" என்று கேட்டார். "உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர்" என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

பாம்பைக் கண்டு பயந்தாலும் சரி, சிநேகிதியை நினைத்துப் பொருமினாலும் சரி, உடம்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். பாம்பாவது போய்விடும். சந்தேகம் போகாது. வாரக்கணக்கில் உள்ளேயே இருந்தால் தூக்கம், ஜீரணம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அது கெடுக்கும்.

இன்னொரு வேலையும் செய்யும். சாட்சி சேர்க்கும்! அவள் போன் பண்ணினால் "குற்ற உணர்ச்சி". பண்ணாவிட்டால் "பயம்". சிரித்தால் "நடிப்பு". அப்புறம் அவள் என்ன செய்தாலும் குற்றவாளிதான்.

நாம் செய்யும் இரண்டு தப்புகள்

இந்த மாதிரி நேரத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, மனசுக்குள் வைத்துப் பூட்டி, மெல்ல மெல்ல விலகிவிடுகிறோம். எதிராளிக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் ஒரு நட்பு செத்துப்போகும்.

இரண்டாவது இன்னும் மோசம். நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது. பேங்க் வேலை நம்பிக்கையின் மேல் நிற்கும் வேலை. "அவ கணக்கு விவரத்தை வெளியே சொல்றாளாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் விசாரணை, சஸ்பென்ஷன் என்று போய் நிற்கலாம். விஷயம் பொய்யாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

வாடிக்கையாளரின் விவரத்தை பேங்க் ரகசியமாகக் காக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் டூர்னியர் என்பவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பானது. நம் நாட்டிலும் அதே நெறிதான். 1970-ல் 14 பேங்குகளை அரசுடைமையாக்கிய சட்டத்திலேயே ரகசியம் காப்பது கடமை என்று தனிப் பிரிவு இருக்கிறது. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள். வேலையில் கிடைத்த சொந்த விவரத்தை, ஒருவருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தோ, முறைகேடாக ஆதாயம் பார்க்கவோ வெளியே விட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பேங்க் ஊழியர் நம் கணக்கைப் பார்ப்பதே குற்றமில்லை. பார்க்காமல் செக்கை எப்படிப் பாஸ் பண்ணுவார்? வேலை இல்லாமல் ஆசைக்குப் பார்ப்பதும், பார்த்ததை வெளியே சொல்வதும்தான் தப்பு. இன்றைய பேங்க் கம்ப்யூட்டர்களில் எந்த ஊழியர் எப்போது உள்ளே நுழைந்தார் என்பது பதிவாகும். அந்தப் பதிவை நிர்வாகம் எடுத்துப் பார்க்கலாம். நீங்களும் நானும் துப்பறிய வேண்டியதில்லை.

கேட்டே விட்டேன்

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "நாங்க டெபாசிட் போட்டது உன் நாத்தனாருக்கு எப்படிடி தெரிஞ்சுது? நீ ஏதாவது பேச்சுவாக்கில சொன்னியா?"

அவள் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "ஒருநாள் சும்மா திறந்து பார்த்தேன். அது தப்புதான். ஆனா சத்தியமா யார்கிட்டேயும் சொல்லலை. சரி, உங்க வீட்டுக்காரர் காலையில யார்கூட வாக்கிங் போறார்?"

தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய நாத்தனாரின் கணவரோடு! உள்ளே போய் இவரைக் கேட்டேன். "வட்டி எங்கே ஜாஸ்தின்னு பேச்சு வந்துச்சு. சொன்னேன். அதுல என்ன?" என்று பேப்பரைப் புரட்டினார்.

கதை அதோடு முடியவில்லை. அவள் கேட்ட அடுத்த கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"மூணு வருஷம் முன்னாடி உன் அக்கா பொண்ணுக்கு ஒரு வரன் வந்துச்சே. மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு கிரெடிட் ஆகுது, லோன் ஏதாவது இருக்கான்னு பார்த்துச் சொல்லுன்னு என்னைக் கேட்டியே. நானும் பார்த்துச் சொன்னேன். அப்போ தப்பாத் தெரியலையா?"

என்ன பதில் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலில் நம் கையைக் கழுவுவோம்

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நீங்கள் இப்படி யாரையாவது கேட்டதில்லையா? சம்பந்தி வீட்டு நகை அடகில் இருக்கிறதா, எதிர்வீட்டுக்காரர் எவ்வளவு வரி கட்டுகிறார், ஓரகத்தி எத்தனை பாலிசி போட்டிருக்கிறாள் என்று, அந்த ஆபீஸில் இருக்கும் தெரிந்தவரிடம் "கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்கிறோம். பொண்ணு வாழ்க்கை ஆச்சே என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டு வரவு செலவு தெரிய வேண்டுமானால் நேராகக் கேட்கலாம். கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு சிநேகிதியின் வேலையைப் பணயம் வைப்பது என்ன நியாயம்? அடுத்தவர் பூட்டைத் திறந்து காட்டியவள், ஒருநாள் நம் பூட்டையும் திறப்பாள். திறக்கச் சொல்லிக் கொடுத்ததே நாம்தானே!

உங்களுக்கு இப்படி நேர்ந்தால்...

முதலில், விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டு ஆட்களை விட்டுவிடாதீர்கள்! மேஜை மேல் கிடந்த பாஸ்புக், பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும் செல்போனில் வந்த எஸ்.எம்.எஸ். எல்லாம் சேர்த்தி. நிலம் விற்றிருந்தால் வில்லங்கச் சான்றிலேயே கிரயத் தொகை இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அடுத்து, சிநேகிதியைத் தனியாக, ஒரே ஒரு தடவை கேளுங்கள். "நீ சொல்லிட்டே" என்று குற்றம் சாட்டாமல், "எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியலை" என்று கேளுங்கள். மூன்று வாரம் நான் காத்திருந்தது மாதிரி காத்திருக்காதீர்கள்.

பதில் திருப்தியாக இல்லையா? ஊரில் சொல்லாதீர்கள். கிளை மேனேஜருக்கு எழுத்து மூலம் கொடுங்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என் கணக்கை வேலை நிமித்தம் இல்லாமல் யாராவது பார்த்தார்களா என்று விசாரியுங்கள்" என்றால் போதும். யார் பெயரையும் எழுத வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் பேங்கின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

உங்கள் பெயரில் யாராவது கடன் விசாரித்தார்களோ என்று பயமா? 2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாக வாங்கலாம். சிபிலும் அவற்றில் ஒன்று. கடன் தருவதற்காக எந்த நிறுவனம் எப்போது உங்கள் அறிக்கையைக் கேட்டது என்று அதில் இருக்கும்.

பணமே போயிருந்தால், கணக்கில் இருக்கும் செல்போன் எண் மாறியிருந்தால், அங்கே சிநேகம் பேசக் கூடாது. உடனே பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கும் போன் செய்யுங்கள். அது நட்பு விவகாரம் இல்லை, திருட்டு.

என் கணக்கை வேறு கிளைக்கு மாற்றிவிட்டேன். கோபத்தில் இல்லை. அவளிடம் சொல்லிவிட்டுத்தான். "அதுவும் நல்லதுக்குத்தான்டி" என்றாள். இப்போது நான் வரிசையில்தான் நிற்கிறேன். பரவாயில்லை. அவள் எனக்கு சிநேகிதியாக மட்டும் இருந்தால் போதும். தூக்கம் திரும்பி வந்துவிட்டது. பி.பி. மாத்திரை மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதற்கு ஊறுகாய்தான் காரணம் என்கிறார் டாக்டர்!