தோல் தொழிலுக்குச் சட்டம், டேட்டா சென்டருக்குச் சலுகையா?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தால், 1996-ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தோல் தொழிலை நம்பி அடுப்பெரித்த எந்த வீடும் அந்த ஆண்டை மறக்கவில்லை.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து மாவட்டங்களில் இருந்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம்! சுத்திகரிப்பு வசதி செய்யாதவற்றை இழுத்து மூட உத்தரவு! நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழில்தான், ஆனாலும் நிலத்தையும் நீரையும் நாசமாக்க அதற்கு உரிமையில்லை என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்ல நாம் பேனா எடுக்கவில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டது உண்மை. வயல்கள் உப்புப் பூத்தது உண்மை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்று நபி (ஸல்) அவர்களிடம் பாடம் படித்த சமுதாயம், ஒரு ஆற்றையே பாழாக்கியதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? நட்டஈடு வழங்குவதில் ஏற்பட்ட இழுபறிக்காக 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட வேண்டி வந்தது. இந்தக் கணக்கை நாம் தீர்த்தே ஆக வேண்டும்.

ஆனால் சகோதரர்களே, அந்தத் தீர்ப்பு தோல் வியாபாரிக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும். கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும். தன் தொழிலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனையே சேரும். இவை இந்த நாட்டின் சட்டம் என்றது நீதிமன்றம். சட்டம் என்றால் எல்லோருக்கும்தானே?

புகை தெரியாத தொழிற்சாலை

சென்னையில் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் இயங்குகின்றன. உங்கள் செல்போனுக்கு வரும் வீடியோ, உங்கள் கடைக் கல்லாவில் ஒட்டிய அட்டையைப் படம் பிடித்து வாடிக்கையாளர் அனுப்பும் பணத்தின் கணக்கு, எல்லாம் இப்படிப்பட்ட கட்டடங்களைத் தொட்டுத்தான் வருகின்றன. உள்ளே ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடும். ஓடினால் சூடாகும். சூட்டைத் தணிக்கப் பல இடங்களில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். தண்ணீர் வேண்டாமென்று காற்றைக் கொண்டு குளிர்வித்தால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். கரண்ட் போனால் ஓடுவதற்கு டீசல் ஜெனரேட்டர்கள் வரிசையாக நிற்கும்.

உலகம் முழுவதும் 2024-ல் இவை விழுங்கிய மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட். 2030-ல் இது இரண்டு மடங்கைத் தாண்டும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. அயர்லாந்தில் 2023-ல் அளவிடப்பட்ட மின்சாரத்தில் 21 சதவிகிதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. அந்நாட்டு நகரங்களின் வீடுகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தியது 18 சதவிகிதம்தான்!

இவ்வளவு பெரிய தொழிலுக்கு இங்கே என்ன கட்டுப்பாடு? சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் தோல் பதனிடும் தொழில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. டேட்டா சென்டருக்கு அதில் தனி இடம் தரப்படவில்லை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் 'கட்டடம்' என்ற இனத்தில் வரும். அந்த இனத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது! வணிக வளாகமும் டேட்டா சென்டரும் ஒன்றா? செங்கல்லை அளந்தவர்கள் தண்ணீரை அளக்க வேண்டாமா?

கட்டுப்பாட்டில்தான் இந்தக் கஞ்சத்தனம். சலுகையில் தாராளம்! 2021-ல் தமிழக அரசு டேட்டா சென்டருக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டு மின்வரிச் சலுகை உள்ளிட்டவற்றை அறிவித்தது. 2022-ல் மத்திய அரசு இதை உள்கட்டமைப்புத் துறையாக அங்கீகரித்துக் கடன் வசதிக்கு வழி திறந்தது. ஆடும் மாடும் வாங்கித் தோல் பதப்படுத்தியவனுக்குச் சட்டப் புத்தகம். கோடிகளைக் கொட்டுகிறவனுக்குச் சிவப்புக் கம்பளம்!

2019 மறந்து போனதா?

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. சென்னையில் தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு ஓடினோம். ஓட்டல்காரர்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். ஜூலை 12-ல் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. எங்கிருந்து? வாணியம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜோலார்பேட்டையிலிருந்து! பாலாறு கைவிட்டதால் காவிரித் தண்ணீரைக் குழாயில் எதிர்பார்த்து நிற்கும் சீமை, தலைநகருக்குத் தண்ணீர் கொடுத்தது. அப்படியொரு கோடை மறுபடி வந்தால் முதலில் யாருக்குத் தண்ணீர்? நம் வீட்டுக் குடத்துக்கா, கணினியின் சூட்டுக்கா? இதற்கு விடை இப்போதே எழுத்தில் இருக்க வேண்டும்.

"செல்போனும் வேண்டும், டேட்டா சென்டர் வேண்டாமா?" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். செருப்பு அணிந்தவனெல்லாம் பாலாறு கெட்டதைக் கேட்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதா? வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கணக்குக் காட்டு என்பதே வாதம். "கட்டுப்பாடு போட்டால் முதலீடு ஓடிவிடும்" என்கிறார்கள். உருகுவே நாட்டில் 2023-ல் கடும் வறட்சி வந்தபோது, கூகுள் கட்டவிருந்த மையத்தின் தண்ணீர்த் தேவையை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். கூகுள் ஓடவில்லை, காற்றால் குளிர்விக்கும் முறைக்கு மாறியது. ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டு வந்த சட்டப்படி 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள மையங்கள் மின்சாரம், தண்ணீர்க் கணக்கைத் தெரிவித்தாக வேண்டும். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

நம் கோரிக்கைகள்

ஒன்று: அனுமதிப் பட்டியலில் டேட்டா சென்டருக்குத் தனி இடம் கொடுத்து, மக்கள் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு மையமும் செலவிடும் தண்ணீர், மின்சாரம், டீசல் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

மூன்று: குடிநீரும் நிலத்தடி நீரும் குளிர்விக்கப் போகக் கூடாது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க நிலையங்கள் அமைத்திருக்கிறார்கள். அந்த வழியை விரிவாக்கட்டும்.

இளைஞர்களே! தகவல் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் ஆளுக்கொரு மனுப் போடுங்கள். வியாபாரிகளே! உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குங்கள். அருட்கொடைகளைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். பாலாறு கெட்டபோது நம்மில் பலர் லாபத்தைப் பார்த்து மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்துக்கு என்ன விலை என்று நமக்குத் தெரியும். இந்த முறை முன்கூட்டியே பேசுவோம், இன்ஷா அல்லாஹ்!