யாரை எடுப்பது? நம் கையில் இல்லாத தேர்வும் நம் கையில் உள்ள தேர்வும்

 

2025 டிசம்பர் 16 ஆம் நாள் அபுதாபியில் ஐ.பி.எல். வீரர்களுக்கான ஏலம் நடைபெற்றது. அதற்கு முன் சில நாட்களும் பின் சில நாட்களும் நமது ஆர்.கே.பேட்டையில் வேறு பேச்சே எழவில்லை. விசைத்தறிக் கூடங்களில், தேநீர்க் கடைகளில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் கும்மிடிப்பூண்டிப் பக்கமும் வேலைக்குச் சென்று வரும் இளைஞர்களிடையே, ஏன், பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் ஹவ்ளின் ஓரத்திலும் ஒரே கேள்விதான்: சென்னை அணி யாரை எடுக்க வேண்டும்? தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் மாறி மாறி அந்த விவாதம் நடந்தது.

ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைப் பெற்றது சரியா என்பதில் தொடங்கி, ஏலத்திற்குப் பின் அது இன்னும் சூடு பிடித்தது. சென்னை அணியின் கையிருப்பு 43.40 கோடி ரூபாய். அதில் 28.40 கோடியை, இந்திய அணிக்கு ஒரு போட்டியும் ஆடியிராத பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி என்று கொடுத்துவிட்டார்கள். இருவரின் அடிப்படை விலையோ 30 இலட்சம். இது தொலைநோக்கா, மடமையா என்று நமது பிள்ளைகள் பிரிந்து நின்று வாதிட்டார்கள்.

விளையாட்டைப் பற்றிப் பேசுவதே ஹராம் என்று கூற நாம் இதை எழுதவில்லை. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு மகிழவும் இடமளித்தார்கள். அன்னையாருடன் ஓட்டப்பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். விளையாட்டுக்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் இடம் என்பதற்கு எல்லையும் உண்டு. நம் விவாதங்கள் அந்த எல்லையை மூன்று இடங்களில் தாண்டுகின்றன.

முதலாவது, நாவு

ஏலம் போன வீரர்களில் இருபது வயதைச் சுற்றியுள்ளவர்கள் பலர். ஒரு பந்தும் வீசும் முன்னரே அவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டுகிறோம், உருவத்தைப் பழிக்கிறோம், பெற்றோரையும் இழுக்கிறோம். கேலி செய்வதையும் பட்டப்பெயர் இடுவதையும் புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் அடுத்தடுத்த இரு வசனங்களில் தடுக்கிறது. அத்தடையில் கிரிக்கெட் வீரர்களுக்கென்று விலக்கு ஏதும் இல்லை. ஒருவர் முஸ்லிம் என்பதற்காகவே தூக்கிப் பிடிப்பதும் அல்ல என்பதற்காகவே தாழ்த்துவதும் அவ்வாறே. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு கூட உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயம் கற்பிக்கும் நெறி. நூர் அஹ்மத் 2025 பருவத்தில் 24 விக்கெட்டுகள் எடுத்தார் என்றால் அந்த 24 விக்கெட்டுகளுக்காகப் பாராட்டுவோம். அதுவே அவருக்குச் செய்யும் நீதி.

மேலும், இத்துறையில் ஊறியவர்களின் கணிப்பே தவறும்போது நமக்கு ஏன் இத்தனை சீற்றம்? அமெரிக்கக் கூடைப்பந்தில் ஏலம் கிடையாது. புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கு உண்டு. 1984 ஆம் ஆண்டுத் தேர்வில் இரண்டாம் இடத்தைப் பெற்றிருந்த போர்ட்லாண்ட் அணி சாம் பௌயி என்பவரை எடுத்தது. அவர் காயங்களால் அவதியுற்றார். அவர்கள் விட்டுவிட்ட மைக்கேல் ஜோர்டன் மூன்றாவதாகச் சிகாகோவுக்குப் போய் ஆறு முறை கோப்பையை வென்று தந்தார். அதே தேர்வில் முதலாவதாக ஹூஸ்டன் அணி எடுத்தவர் நைஜீரியாவில் பிறந்த முஸ்லிம் சகோதரர் ஹக்கீம் ஒலஜுவான். 1994, 1995 இரு ஆண்டுகளிலும் ஹூஸ்டன் கோப்பையை வென்றது. ரமளானில் நோன்பு நோற்றபடியே ஆடிய அவர், 1995 பிப்ரவரியில், அந்த நோன்பு மாதத்திலேயே, அம்மாதத்தின் சிறந்த வீரராகவும் அறிவிக்கப்பட்டார். யாரிடம் என்ன புதைந்திருக்கிறது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இரண்டாவது, நேரம்

அந்த ஏலம் இந்திய நேரப்படி பிற்பகல் 2.30 மணிக்குத் தொடங்கி இரவு வரை நீண்டது. டிசம்பர் மாதத்தில் அஸரும் மஃரிபும் அந்த நேரத்திற்குள்தான் வரும். கைப்பேசியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு பாங்கோசையைக் காதில் வாங்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிச் சொல்லத் தேவையில்லை. அவரவர் நெஞ்சம் அறியும்.

மூன்றாவது, சூது

பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் செயலிகள் பல ஆண்டுகள் நம் பிள்ளைகளின் சம்பளத்தை உறிஞ்சின. கேட்டால், 'இது அதிர்ஷ்டமல்ல, திறமை' என்று வாதம். பலரும் பணம் கட்ட, ஒரு சிலர் அள்ளிக்கொண்டு போக, மற்றவர்கள் இழந்து நிற்பதற்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும் அது சூதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்த பிறகும், கள்ளத்தனமான பந்தயச் செயலிகளைத் தேடிப் போவோர் இருக்கிறார்கள். சட்டம் வருவதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மதுவோடு சேர்த்துச் சூதையும் விலக்கிவைத்த மார்க்கம் நம்முடையது. 2013 இல் வெடித்த சூதாட்ட விவகாரத்தால்தான் நாம் கொண்டாடும் சென்னை அணியே 2016, 2017 ஆகிய இரு பருவங்கள் ஆட முடியாமல் ஒதுக்கிவைக்கப்பட்டது என்பதை மறந்துவிட வேண்டாம்.

நமது முதன்மையான முறையீடு

இவை மூன்றும் பலரும் மிம்பரில் சொல்லக் கேட்டவையே. நாம் சொல்ல வந்தது வேறு.

இந்த இளைஞர்கள் விவாதிக்கும் முறையைக் கவனித்தால் வியப்பு மேலிடுகிறது. ஒருவர் சுழற்பந்தை எப்படி எதிர்கொள்கிறார், கடைசி நான்கு ஓவர்களில் எவ்வளவு ஓட்டம் கொடுக்கிறார், உள்ளூர்ப் போட்டிகளில் சென்ற ஆண்டு என்ன செய்தார், காயம் ஏதும் உண்டா, அணியில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று அனைத்தையும் ஆராய்கிறார்கள். 'எங்கள் ஊர்க்காரர்' என்றோ 'தெரிந்தவர்' என்றோ எவரேனும் சொன்னால் சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். சான்று கேட்கிறார்கள். ஒப்பிடுகிறார்கள். மாற்றுக் கருத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இத்தனையும் எதற்காக? தங்கள் சொல்லுக்கு அணுவளவும் மதிப்பளிக்காத ஒரு நிறுவனம் எடுக்கவிருக்கும் முடிவுக்காக.

இதே ஊரில், இதே மனிதர்களின் கையில் முழுமையாக ஒப்படைக்கப்பட்ட தேர்வுகள் இருக்கின்றன. நம் தொழுகையை முன்னின்று நடத்தும் இமாம் யார்? மாலையில் நம் குழந்தைகளுக்கு அலிஃப், பே கற்றுத் தரும் ஹஸ்ரத் யார்? பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்வோர் யார்? தராவீஹ் தொழுவிக்க வரும் ஹாஃபிழ் யார்? இவற்றில் எதற்கேனும் அந்த ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கு உண்டா? ஜமாஅத் கூட்டத்திற்கு அழைத்தால் வருவோர் சிலரே. வந்தோரிலும் வாய் திறப்போர் இருவர் மூவர். 'பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று கலைந்துவிடுகிறோம்.

அதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. ஏலத்தில் ஒரு வீரர் நல்லவர் என்று தெரிந்தால் விலை ஏறுகிறது. 2024 நவம்பரில் ஜித்தாவில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்தின் விலை 27 கோடியைத் தொட்டது. இமாமைத் தேடும்போது நம் ஜமாஅத்துகள் பலவும் நடத்துவது தலைகீழான ஏலம். 'எவ்வளவு கேட்கிறார்?' என்பதே முதல் கேள்வி. குறைவாகக் கேட்பவருக்கே இடம். ஓதலின் திருத்தம், மார்க்க அறிவு, பிள்ளைகளோடு பழகும் பக்குவம் எல்லாம் அதற்குப் பின்புதான், அதுவும் கேட்டால்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

தேர்வு பற்றிய விவாதம் திருக்குர்ஆனிலேயே உண்டு. இஸ்ரவேலர்கள் தங்களுக்கு ஓர் அரசர் வேண்டும் என்று தங்கள் நபியிடம் கேட்டார்கள். தாலூத் அறிவிக்கப்பட்டபோது, அவரிடம் செல்வ வளம் இல்லையே, அவரைவிட நாங்கள் அல்லவா தகுதியுடையோர் என்று தர்க்கம் செய்தார்கள். அல்லாஹ் அவருக்கு அறிவிலும் உடல் வலிமையிலும் மிகுதியை அளித்திருக்கிறான் என்பதே கிடைத்த விடை. இதை அல்பகரா அத்தியாயத்தின் 247 ஆம் வசனத்தில் காணலாம். மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தப் பரிந்துரைத்த அந்தப் பெண்மணியும் இரண்டே தகுதிகளைத்தான் சொன்னார்: வலிமை, நம்பகம். குறைந்த கூலி என்ற தகுதி இரண்டிலும் இல்லை.

அம்ர் பின் ஸலமா (ரலி) அவர்களின் நிகழ்வை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவருடைய கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்றபின், குர்ஆனை அதிகம் மனனம் செய்தவர் தொழுவிக்கட்டும் என்ற கட்டளைப்படி ஆள் தேடினார்கள். வழிப்போக்கர்களிடம் கேட்டுக் கேட்டே மற்ற எவரையும் விட அதிகமாக மனனம் செய்திருந்தவர், ஆறேழு வயதுச் சிறுவரான அம்ர். வயதைப் பார்க்கவில்லை, குடும்பத்தைப் பார்க்கவில்லை. அவரையே முன்னே நிறுத்தினார்கள். அவரிடம் இருந்ததோ ஒரு சிறிய போர்வை. சுஜூது செய்யும்போது அது மேலேறி உடல் தெரிந்தது. ஒரு பெண்மணி அதைச் சுட்டிக்காட்டியதும், கூட்டத்தார் துணி வாங்கி அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையால் அடைந்த மகிழ்ச்சியைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்கிறார்.

சகோதரர்களே, இந்நிகழ்வில் ஒரு சமூகத்தின் கடமைகள் இரண்டும் இருக்கின்றன. ஒன்று, தகுதியானவரைத் தேடிக் கண்டுபிடிப்பது. மற்றொன்று, அவருடைய மானம் காக்கும் அளவுக்கு அவருக்குச் செய்வது. துணி நெய்யும் ஊரில் வாழும் நமக்கு இரண்டாவதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

எழக்கூடிய மறுப்புகள்

'அங்கே கோடிகள் புரள்கின்றன. நம் ஜமாஅத்திடம் பணம் எங்கே?' என்று கேட்பார்கள். கோடியை எவரும் கேட்கவில்லை. திருமண மண்டபத்தின் அலங்காரத்திற்கும் பள்ளிவாசல் சுவரின் பளிங்குக்கும் கிடைக்கும் பணம், அச்சுவருக்குள் ஓதுபவரின் குடும்பத்திற்கு மட்டும் கிடைக்காமல் போவது ஏன் என்றே கேட்கிறோம். வக்ஃபு வாரியத்தின் கீழுள்ள பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்று 1993 இல் உச்ச நீதிமன்றமே கூறியது. நீதிமன்றம் சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்?

'மதரஸா ஆசிரியர்கள் தங்களுக்காகத்தான் பேசுகிறார்கள்' என்றும் கூறுவார்கள். நாமும் மதரஸாவில் கற்பிப்போரே, மறைக்கவில்லை. ஆகவேதான் ஊதியத்தை மட்டும் கேட்காமல், தேர்வையும் கடுமையாக்குங்கள் என்கிறோம். எங்களையும் ஆராயுங்கள். ஓதச் சொல்லிக் கேளுங்கள். பாடம் நடத்தும்போது வந்து அமருங்கள். ஓர் ஆண்டில் உங்கள் பிள்ளை எவ்வளவு கற்றான் என்று கணக்குக் கேளுங்கள். தகுதி இல்லையென்றால் எங்களை விடுவித்துத் தகுதியானவரை அழையுங்கள். தகுதி உண்டென்றால் அதற்குரிய மதிப்பைக் கொடுங்கள்.

'விளையாட்டு வேறு, மார்க்கம் வேறு' என்பது மூன்றாவது மறுப்பு. சான்று கேட்கவும் ஒப்பிடவும் அஞ்சாமல் பேசவும் அல்லாஹ் தந்த அறிவு ஒன்றுதான். அதை மட்டையாளருக்குச் செலவிட்டுவிட்டு மஹல்லாவுக்குக் கைவிரிப்பது நன்றியாகுமா?

செய்ய வேண்டியவை

ரமளானுக்கு முன்கூட்டியே ஆயத்தமாவோம். ஷஅபான் கடைசி வாரத்தில் அலைந்து திரிந்து, கிடைத்த ஹாஃபிழை அழைத்து வரும் வழக்கத்தை மாற்றுவோம். இப்போதே ஜமாஅத்தைக் கூட்டுவோம். ஓதலை அறிந்த ஆலிம்களை வைத்து, வருபவரின் ஓதலைக் கேட்போம். அவருக்கான சன்மானத்தை முன்பே முடிவு செய்து, கடைசி இரவில் துண்டு விரித்து வசூலிக்கும் அவமதிப்பைத் தவிர்ப்போம். மக்தப் மதரஸாவில் மாதம் ஒரு முறையேனும் பெற்றோர் வந்து அமர்ந்து கேட்கட்டும். வீரர்களின் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கும் இளைஞர்களை நிர்வாகத்தில் சேர்த்து, பள்ளிவாசலின் வரவு செலவுக் கணக்கை அவர்களிடம் கொடுங்கள். அவர்களுக்கு எண்களைப் படிக்கத் தெரியும். அதை நாம் கண்கூடாகப் பார்த்துவிட்டோம்.

சென்னை அணி யாரை எடுத்தது என்று மறுமையில் நம்மிடம் கேள்வி இல்லை. நம் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்தோம் என்று கேள்வி உண்டு. அமானிதங்களை அவற்றுக்கு உரியவரிடம் ஒப்படைக்கும் மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.